தந்தியில் செத்தவர்

முத்தையாபுரம் நிறுத்தத்தில் பஸ் நிற்பதற்கு முன்பே நயினார் குதித்து இறங்கினான். ஒரு கையில் பெட்டி. மறு கையில் வாழையிலையில் சுற்றிய ரோஜா மாலை. தூத்துக்குடியில் ரயிலை விட்டு இறங்கியதும் வாங்கியது. குவைத்திலிருந்து வந்த வழியெல்லாம் அடக்கி வைத்திருந்த அழுகை தெருமுனை திரும்பியதும் உடைந்தது.

"எய்யா! என்னப் பெத்த அய்யா!"

வாய்விட்டுக் கதறியபடி ஓடினான். குழாயடியில் நின்ற பெண்கள் குடங்களை மறந்து அவனைப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்பது அவனுக்கு அப்போது புரியவில்லை.

அக்கா வீட்டு வாசலில் பந்தல் இல்லை. பெஞ்சுகள் இல்லை. கொட்டுக்காரர்கள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. 'அய்யா காலமானார். உடலை ஐஸில் வைத்திருக்கிறோம். உடனே புறப்படு' என்றுதான் தந்தி வந்திருந்தது. நேரமாகிவிட்டது, எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தான். நெஞ்சில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கியபோது அக்கா அருணாசலவடிவு உள்ளேயிருந்து ஓடிவந்து, ஈரக்கையால் அவன் வாயைப் பொத்தினாள். கையில் சோப்பு வாசனை அடித்தது. அதற்கு அடியில் வேறொரு நாற்றமும் இருந்தது.

"சத்தம் போடாதல. அய்யா முழிச்சிருக்காவ."

அவன் திருதிருவென்று விழித்தான். வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. காற்று கலந்த, நைந்துபோன குரல்.

"ஏளா வடிவு, யாருளா அழுதது? தெருவுல யாரும் போயிட்டாவளா?"

"யாரும் போவலய்யா. நம்ம நயினாரு வந்துருக்கான்."

பிறகு குரல் கேட்டது. "நயினாரா? அவன் என்னத்துக்கு அழுதான்?"

"ஒங்களப் பாக்காம அழுதான்."

சொல்லிக்கொண்டே அவள் தம்பியின் கையிலிருந்த மாலையைப் பிடுங்கினாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பக்கச் சந்தில் கட்டியிருந்த ஆட்டின் முன்னால் எறிந்தாள். ஆடு ஒரு முறை முகர்ந்துவிட்டு, ரோஜா ரோஜாவாகக் கடிக்க ஆரம்பித்தது.

அய்யா மாடக்கண்ணு பின்தாழ்வாரத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். கட்டிலின் நடுவில் கயிற்றை அறுத்து ஓட்டை விட்டிருந்தார்கள். கீழே மண் பரப்பிய தகரத் தட்டு. ஏரல் பக்கம் ஆற்றங்கரையில் காலமெல்லாம் குத்தகை வயலில் உழைத்த உடம்பு, சேலைத் துணி போர்த்திய நாலு கம்புகளாகச் சுருங்கியிருந்தது. கண்கள் மட்டும் பெரிதாகியிருந்தன. அந்தக் கண்கள் மகனைக் கண்டுபிடித்ததும் மொத்த முகமும் அசைந்தது.

"எனக்காவ வந்தியால?"

"ஆமாய்யா."

"கம்பெனிக்காரன் விட்டானா?"

"விட்டாங்கய்யா."

"நல்ல மனுசன்" என்றார் கிழவர். "ஒங்கம்மைக்கு விடல பாத்தியா. இவன் நல்ல மனுசன்."

சாயங்காலம் அத்தான் செந்தூர்பாண்டி துறைமுகத்தில் வேலை முடித்துத் திரும்பினார். மைத்துனனைக் கண்டதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உப்பளத்து வரப்புக்கு அழைத்துக்கொண்டு போனார். வெள்ளையாக வாரிக் குவித்திருந்த உப்புக்கு நடுவே நின்று நயினார் கத்தினான்.

"உசுரோட இருக்க மனுசன செத்துட்டாருன்னு எப்படி அத்தான் தந்தி அடிச்சிய? வார வழியெல்லாம் நான் பட்ட பாடு ஒங்களுக்குத் தெரியுமா?"

செந்தூர்பாண்டி பீடியைப் பற்றவைத்தார். "ஒங்கம்மைக்கு சீரியஸ்னுதான அடிச்சோம். வந்தியா? சீரியஸ்னா விடமாட்டானுவ, செத்தாத்தான் விடுவானுவன்னு நீதான பொறவு எழுதுன. பெரியாஸ்பத்திரியில டாக்டரு, 'வீட்டுக்குக் கொண்டு போங்க, இன்னைக்கோ நாளைக்கோ'ன்னு சொல்லிட்டாரு. தண்ணிகூட எறங்கல. நீ வந்து சேரயில சரியா இருக்கும்னு அடிச்சோம்."

"அப்பம் இது என்ன?"

"நீ வாரன்னு வடிவு காதுல சொன்னா. அன்னைக்கே எந்திரிச்சு உக்காந்து கஞ்சி கேட்டுட்டாரு."

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. குறையாகவும் சொல்லவில்லை. உப்பளத்தில் மழை பெய்துவிட்டது என்பதைப் போலச் சொன்னார்.

நயினார் வரப்பில் உட்கார்ந்தான். குவைத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்த மலையாளிதான் அவனுக்காக வெள்ளைக்கார மேனேஜரிடம் போய் நின்றவர். தகப்பன் செத்த மகனை அனுப்பாவிட்டால் நாளைக்கு ஒருத்தனும் மூட்டை தூக்கும் வின்ச்சில் கை வைக்க மாட்டான் என்றுகூடச் சொல்லியிருந்தார். கிளம்பிய அன்று சாப்பாட்டு அறையில் எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். ஒரு பட்டாணி முஸ்லிம் கிழவன் அவன் தலையில் கைவைத்து ஏதோ ஓதினான். அந்த சனங்களிடம் போய் என்ன சொல்வது? இப்போது திரும்பிப் போய், அடுத்த மாதம் அய்யா நிஜமாகவே இறந்தால் என்ன சொல்லி லீவு கேட்பது? ஒருத்தனுக்கு ஒரு தகப்பன்தான். அவனும் ஒரு தடவைதான் சாகலாம்.

"நீ போறதுக்குள்ள முடிஞ்சிட்டா நல்லது" என்றார் செந்தூர்பாண்டி. "ஒன் கையால கொள்ளி வாங்கணும்னு அவருக்கும் ஆச."

ஆனால் கிழவர் நாளுக்கு நாள் தெளிந்தார். மகன் கையால் ஊட்டினால் சாப்பிட்டார். சாளைக் குழம்பு வேண்டுமென்று கேட்டு, முள் எடுத்துக் கொடுத்த மீனைப் பொக்கை வாயால் நெடுநேரம் மென்றார். நயினார் ஊட்டிக்கொண்டிருக்கும்போது அக்கா அடுப்படியிலிருந்து பார்ப்பாள். அவள் கையால் மாதக்கணக்கில் ஒரு வாய்கூட ஒழுங்காக இறங்கியதில்லை.

"அங்கன ஆறு உண்டால?" என்று ஒருநாள் கேட்டார்.

"கெடையாதுய்யா. எல்லாம் மணலு."

"அப்பம் குடிக்க?"

"கடல்தண்ணியக் காச்சி, அந்த ஆவியப் புடிச்சுக் குடிக்கோம். அதுக்குன்னு பெரிய மிசினு இருக்கு."

கிழவர் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் மறுபடி சிரித்தார். "கடலக் காச்சுதானுவளா! ஏளா வடிவு, கேட்டியா? எம்மவன் கடலக் காச்சிக் குடிக்கான்!" வாய்க்கால் தண்ணீருக்கு வெட்டுக்குத்து நடக்கிற ஊரில் பிறந்தவர். அன்றுமுதல் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொன்னார்.

பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். தந்தி அடித்த சேதி ஊருக்கே தெரியும். ஏரலிலிருந்து சொந்தக்காரர்கள் கோடித்துணியோடு வந்து, கிழவரிடம் 'நல்லா இருக்கியளா' என்று கேட்டுவிட்டு, துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஒருவர் வாசலில் நின்று நயினாரின் காதோரம் கேட்டார். "ஒனக்கு எப்பம்ல பிளேனு? மறுபடி ஒருக்கா வர நமக்குத் தோதுப்படாது பாத்துக்க."

நயினாருக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று மத்தியானம் கட்டிலருகே படுத்திருந்தவன், தூக்கம் கலைந்ததும் முதலில் அய்யாவின் மூச்சுக்குத்தான் காது கொடுத்தான். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அவனுக்குள் ஏதோ ஒன்று சலித்துக்கொண்டது. எழுந்து போய் முகத்தைக் கழுவினான். மறுபடியும் கழுவினான்.

திரும்பிப் போகும் ரயிலுக்கு முந்தின நாள் அடுத்த வீட்டு செல்லக்கிளி வந்தாள். வயிற்றுப் பிள்ளையிலிருந்து சாவு வரைக்கும் அந்தத் தெருவில் அவளைக் கேட்காமல் எதுவும் நடப்பதில்லை. அடுப்படியில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தாள்.

"அண்ணாச்சி முதுகப் பாத்தேன். புண்ணு எலும்பத் தொட்டுட்டு. இனி நல்லாவப் போறதா? கெடந்து சீரழியணுமா? காலையில தலைக்கு நல்லா எண்ண வச்சு, குளுரக் குளுர நாலு கொடம் ஊத்துங்க. எளநீ ரெண்டு குடுங்க. குளுந்து போயிருவாவ. அவியளுக்கும் நிம்மதி. மவன் போறதுக்குள்ள காரியமும் ஆயிரும்."

அந்தக் குளியல் என்னவென்று அங்கே இருந்த மூவருக்கும் தெரியும். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் கிடையாய்க் கிடக்கும் வயசாளிகளை அப்படித்தான் அனுப்பிவைப்பார்கள். உடம்பு குளிர் தாங்காமல் காய்ச்சல் வரும். ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். யாரும் அதைக் கொலை என்று சொன்னதில்லை.

நயினார் பாய்ந்து எழுந்தான். "என்ன பேச்சு பேசுதிய! மனுசங்கதானா நீங்க? பெத்த அய்யாவ…"

செல்லக்கிளி அமைதியாக எழுந்து, வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு வெளியே போனாள். வடிவு மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

"அக்கா, நீயும் சேந்துதான் சொல்லுதியா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"அப்பம் சும்மா இருக்க?"

வடிவு தலையை நிமிர்த்தினாள். "சரி. கொலகாரப் பேச்சு. வேண்டாம். நீ இருந்து பாரு. நாளைக்கு ரயிலுக்குப் போவாத. காலையில பீத்துணி அலசு. புண்ணுல புழு வச்சா பொறுக்கி எடு. ராத்திரி எல்லாம் 'அம்மா அம்மா'ன்னு கத்துவாவ, முழிச்சு இரு. ஒனக்குப் பதிலா நான் போறேன் குவைத்துக்கு."

அவன் வாயைத் திறந்தான்.

"நீ மாசாமாசம் அனுப்புத. இல்லன்னு சொல்லல. அந்தப் பணம் வந்து துணி அலசுமாடே?"

பின்தாழ்வாரத்தில் கட்டில் கிரீச்சிட்டது. இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். எவ்வளவு கேட்டிருக்கும் என்று தெரியவில்லை. சுவரைத் தாண்டினால் கட்டில்தான்.

"சரிக்கா" என்றான் நயினார் கடைசியில், எதற்கென்று அவனுக்கே தெரியாமல். அவள் காத்திருந்தாள். ரயிலுக்குப் போகவில்லை என்று அவன் சொல்லவில்லை.

மறுநாள் காலை செந்தூர்பாண்டிதான் நினைவுபடுத்தினார். "இப்படியேவா போவ? அப்பனுக்குக் கொள்ளி வச்சவன் தலைமுடியும் மீசையுமா போய் நின்னா அந்த மலையாளி கேக்க மாட்டானா?"

அது நயினாருக்குத் தோன்றவேயில்லை. துறைமுகச் சாலையில் ஒரு சலூனுக்குப் போய் உட்கார்ந்தான். நாவிதர் தண்ணீர் தெளித்தபடியே கேட்டார். "மீசையுமா?"

"மீசையும்."

"யாரு தம்பி?"

"அய்யா."

நாவிதர் உச்சுக்கொட்டினார். "நல்ல வயசா? கெடையில கெடந்தாரா?" பதிலுக்குக் காத்திராமல் கத்தியைத் தீட்டினார். "கெடக்காமப் போனா புண்ணியவான்." முடி மடியில் கொத்துக் கொத்தாக விழுந்தது. முடிந்ததும் கண்ணாடியைக் காட்டினார். நயினார் அதைப் பார்க்கவில்லை.

தெருவழியாக வீட்டுக்கு வரத் துணியாமல் உப்பளத்துப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தான். பின்வாசல் வழியாக நுழைந்து பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தான். ஆனால் பின்வாசல் நேராகக் கட்டிலுக்கு முன்னால்தான் திறந்தது.

கிழவர் விழித்திருந்தார். மகனுடைய தலையைப் பார்த்தார். மீசை இல்லாத உதட்டைப் பார்த்தார். வடிவு கையில் கஞ்சிச் சட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"கிட்ட வா" என்றார்.

போனான். குனிந்தான். எலும்பாகிப்போன கை எழும்பி, வழித்த தலையில் உட்கார்ந்து, பின்மண்டை வரைக்கும் மெதுவாகத் தடவியது.

"செந்தூருக்கா போயிட்டு வந்த?"

நயினார் அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆமாய்யா."

"எனக்காவ முடி எறக்குனியா?"

"ஆமாய்யா."

கை தலையை விட்டு எடுபடவில்லை. "சந்தனத்தக் காணோம்?"

"வெயிலு… வேர்வையில போயிட்டு."

கிழவர் தலையாட்டினார். கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. "ஏளா, செல்லக்கிளியக் கூப்புடு. எம்மவன் எனக்காவ முருகனுக்கு முடி குடுத்துட்டு வந்துருக்கான். வந்து பாக்கச் சொல்லு."

செல்லக்கிளி வந்தாள். தலையைப் பார்த்தாள். பிறகு வழித்த மீசையிடத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "முருகன் கைவிட மாட்டான் அண்ணாச்சி" என்றாள்.

புறப்படும்போது நயினார் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பாதம் வெதுவெதுப்பாக இருந்தது.

"லீவு குடுத்த மகராசன்கிட்ட சொல்லு" என்றார் கிழவர். "அய்யா நல்லாயிட்டாவன்னு சொல்லு. அந்த மனுசன் சந்தோசப்படுவான்."

"சொல்லுதேன்யா."

வடிவு வாசல்வரை வந்தாள். தெருவில் இறங்கவில்லை. அவன் பெட்டியைத் தோளில் ஏற்றியபோது சொன்னாள். "இனி தந்தி அடிக்க மாட்டேன்."

"எழுதுக்கா."

"என்னன்னு எழுத? செத்தவரு செத்துட்டாருன்னா?"

குவைத்தில் டைம்கீப்பர் அவன் தலையைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவந்து தோளைப் பிடித்துக்கொண்டார். மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். "எல்லாம் நல்லபடி கழிஞ்ஞோ?"

"கழிஞ்சுது சாரே."

"மகன் கையால போறது பாக்கியம். எனிக்கு அது கிட்டியில்ல" என்றார். அவருடைய தகப்பன் இறந்தபோது அவர் ஈரானில், அபாதான் துறைமுகத்தில் இருந்தாராம். அதற்குப் பிறகு நயினார்மேல் அவருக்குத் தனி அன்பு. தேநீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அவனைக் கூப்பிட்டார்.

தலையில் முடி சீப்புக்கு அடங்கும் அளவுக்கு வளர்ந்திருந்தபோது, தூத்துக்குடியில் அரிசி ஏற்றிய கப்பல் ஒன்று வந்தது. நயினாருக்கு அதில்தான் வின்ச் ஓட்டும் வேலை. சிப்பந்திகளில் ஒருவனாக முத்தையாபுரத்து சுந்தர்சிங் இருந்தான். அக்கா வீட்டுக்கு எதிர்வீடு. மேல்தளத்தில் நயினாரைக் கண்டதும் எண்ணெய்க் கையோடு ஓடிவந்தான். அப்போது டைம்கீப்பர் நயினாருக்குப் பக்கத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி! ஒங்க அய்யா…"

நயினார் அவன் முகத்தையே பார்த்தான். தலையை அசைக்கவில்லை. கண்ணை மட்டும் ஒருமுறை டைம்கீப்பர் பக்கம் திருப்பிவிட்டு மீட்டான். சுந்தர்சிங்குக்குத் தந்திக் கதை தெரியும். வாயை மூடினான்.

"இது நம்ம நாட்டுக்காரனோ?" என்று டைம்கீப்பர் மகிழ்ச்சியாகக் கேட்டார். "ஊர் விசேஷம் சொல்லு. கேக்கட்டே."

சுந்தர்சிங் தேநீர்ப் பாத்திரத்தைப் பார்த்தபடி பேசினான்.

"விசேசம் ஒண்ணுமில்ல சார். அண்ணாச்சி, எங்க எதுத்த வீட்டுல ஒரு பெரியவரு கெடையா கெடந்தாருல்லா. கடலக் காச்சிக் குடிக்கான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே. அவரு தவறிட்டாரு."

"எப்பம்?" என்றான் நயினார்.

"நீங்க வண்டி ஏறுன ரெண்டு மூணு நாளைக்குள்ள."

வின்ச்சின் இரும்புப் பிடி வெயிலில் கொதித்தது. நயினார் அதன்மேல் கை வைத்திருந்தான்.

"என்ன செஞ்சுது?"

"ஒண்ணும் செய்யல. அதுக்கு முந்துன நாளு காலையில எண்ண தேச்சுக் குளிப்பாட்டுனாவ." சுந்தர்சிங் நிறுத்தினான். "பொறவு சளி கட்டிட்டு."

"யாரு குளிப்பாட்டுனது?"

"அவிய மகதான். நாங்க யாராச்சும் தண்ணி எடுத்துத் தாரோம்னோம். வேண்டாம்னுட்டாவ. ஒத்தையில கொடம் கொடமா எடுத்து…"

"ஏதாவது சொன்னாரா?"

"யாரு?"

"அந்தப் பெரியவரு."

"'குளுருது, போதும்ளா'ன்னாரு. பொறவு ஒண்ணும் சொல்லல."

டைம்கீப்பர் உச்சுக்கொட்டினார். "மக்கள் ஆரும் இல்லயோ? ஆண்மக்கள்?"

நயினார்தான் சொன்னான். "ஒரு மகன் உண்டு. வெளியூர்ல."

"பின்னே ஆரு தீ வச்சது?"

"மகதான் சார்" என்றான் சுந்தர்சிங். "சொந்தக்காரங்க சத்தம் போட்டாவ. பொம்பள சுடுகாட்டுக்கு வரக்கூடாதுன்னாவ. அவிய ஒருத்தருக்கும் பதில் சொல்லல. கொள்ளியத் தூக்கிட்டு முன்னால நடந்துட்டாவ."

"கஷ்டம்" என்றார் டைம்கீப்பர். நயினாரின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நினக்கு வேண்டப்பட்ட ஆளாணோ?"

கீழே கப்பலின் வயிற்றுக்குள் வலையில் மூட்டை அடுக்கி முடித்துவிட்டார்கள். யாரோ விசில் ஊதினார்கள்.

"தெருக்காரரு" என்றான் நயினார்.

டைம்கீப்பர் அவன் முதுகில் தட்டிவிட்டு ஏணியில் இறங்கிப் போனார். சுந்தர்சிங் இன்னும் ஏதோ சொல்ல நின்றான். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு இயந்திர அறைக்குத் திரும்பினான். நயினார் பிடியை இழுத்தான். வலை கனத்து மேலே எழும்பி, கப்பலின் விளிம்பைத் தாண்டி, காத்து நின்ற லாரிக்கு மேல் வந்து நின்றது. காற்றில் லேசாக ஆடியது. ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்தான். லாரியில் நின்றவன் அண்ணாந்து பார்த்து, உள்ளங்கையைத் தரையை நோக்கிக் காட்டினான். மெதுவாக, இன்னும் மெதுவாக. நயினார் இறக்கினான்.